நூறு மீட்டருக்குள் குடியிருப்போர்

நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் அவருக்கு வேலை அளப்பது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடி, அதன் அடியில் ஒரு சக்கரம், பக்கத்தில் எண் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. தள்ளிக்கொண்டு நடந்தால் மீட்டருக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று சத்தம் வரும். இருபத்தாறு வருடம் அதைத் தள்ளிக்கொண்டு ஊரெல்லாம் நடந்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. நேரில் சக்கரத்தார். முதுகுக்குப் பின்னால் வெறும் சக்கரம். ரெண்டுக்குமே அவர் திரும்பிப் பார்ப்பார்.

வேலை சின்னதுதான், ஆனால் அதில் பலருடைய தலையெழுத்து இருந்தது. ஒரு வீட்டைக் கடையாகவோ, பட்டறையாகவோ, விடுதியாகவோ மாற்ற வேண்டும் என்றால் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுக்குமுன் அந்த வீட்டு வெளிக்கதவிலிருந்து நூறு மீட்டருக்குள் குடியிருப்போர் எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ஆட்சேபம் சொல்ல அவர்களுக்கு மட்டும்தான் உரிமை. நூற்றியோராவது மீட்டரில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கோப்பில் ஏறாது. யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்வது சக்கரத்தாரின் சக்கரம். அவர் கொடுத்த அளவு தப்பு என்று இதுவரை ஒருத்தர் நிரூபித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சுபாவத்தில் அவர் பயந்தவர். கேஸ் அடுப்பை மூடியாயிற்றா என்று மூன்று தடவை பார்ப்பார். பஸ் ஏறியதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார், இறங்குமுன் இன்னொரு தடவை. “உங்களுக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, அது ஏன் இல்லன்னு கவலைப்படுவீங்க” என்பாள் மனைவி. ஆனால் கடந்த ஒரு வருடமாக அவர் படும் கவலையைக் கேலி செய்ய அவளுக்கும் மனம் வரவில்லை. அந்தக் கவலைக்குப் பெயர் பாப்பா.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று. சக்கரத்தாரின் கூடப் பிறந்த தங்கை. உடம்பு வளர்ந்தது, புத்தி ஆறேழு வயதோடு போதும் என்று நின்றுகொண்டது. முப்பது வரைக்கும் எண்ணுவாள். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் “சாப்டாச்சா?” என்று கேட்பாள். அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு, மூன்றாவது மாடியில் அண்ணனும் அண்ணியும் குடியிருந்த ரெண்டு அறை வீட்டுக்கு ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள்.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஷிப்ட். அண்ணன் ஒன்பதரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும். அண்ணி திரும்பிவர ரெண்டு மணியாகும். நடுவில் அந்த நாலரை மணி நேரம் பாப்பாவை என்ன செய்வது? பக்கத்து வீட்டம்மா ஒரு மாதம் பார்த்துக்கொண்டார், பிறகு முகத்தைச் சுளித்தார். அதற்குப் பிறகு சக்கரத்தார் ஒரு பூட்டு வாங்கினார். வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். மாடிப்படி, தெரு, வண்டி என்று ஆயிரம் பயம், அதற்குப் பூட்டே மேல் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

பதினோராவது நாள் கரண்ட் போயிற்று. அன்றைக்குப் பார்த்து அண்ணிக்கு ரெண்டாவது ஷிப்டும் சேர்ந்துகொண்டது, அவருக்கோ ஊர்க்கோடியில் ஒரு அரிசி ஆலையை அளக்கும் வேலை. மூன்றரை மணிக்கு அவர் படியேறியபோது ரெண்டாவது மாடியிலேயே சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பாப்பாவின் ரெண்டு கையும் மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. அழுது முடித்து, குரல் போய், அப்புறமும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து சாத்திய கதவைக் கண்டால் அவளுக்கு மூச்சு வாங்கும். குளிக்கும்போதுகூடக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அண்ணி வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டியது வேறு யாராவது என்றால் சக்கரத்தார் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பார். பூட்டியது அவர்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சரைப் பற்றி யாரோ சொன்னார்கள். பாப்பா மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமைதியான ஒரு தெருவில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாப்பாவைப் போன்ற ஆறு பெண்களை ஒன்றாகத் தங்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் டீச்சர், ராத்திரி துணைக்கு ஒரு ஆயா. சக்கரத்தார் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், கதவைப் பூட்டுவீங்களா?”

“விடிஞ்சா திறப்பேன், இருட்டினா சாத்துவேன். மனுஷங்க இருக்கற வீடுதானே?”

அதைக் கேட்டதும் சக்கரத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தார்.

மூன்று மாதத் தற்காலிக அனுமதியில் வீடு தொடங்கியது. கம்பி போட்ட வெளிக்கதவு பகலெல்லாம் விரியத் திறந்து கிடக்கும். உள்பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி, அதில் பாப்பா. பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் “சாப்டாச்சா?” என்று ஒரு விசாரிப்பு. ஒரு நாளும் அவள் தெருவில் இறங்கியதில்லை. கதவு திறந்திருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. சக்கரத்தார் வேலை விட்டு சக்கரத்தோடு அந்த வழியாக வருவார். தெருமுனையில் ‘டிக்’ கேட்டதுமே பாப்பா எழுந்து நின்று எண்ணத் தொடங்குவாள். முப்பதுக்கு மேல் போனால் மறுபடி ஒன்றிலிருந்து.

நிரந்தர அனுமதிக்கு டீச்சர் மனுப் போட்டபோதுதான் வினை தொடங்கியது. மனு எந்த மேசைக்கு வந்தது? சக்கரத்தாரின் மேசைக்கு. ஊரில் அளப்பவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் பிரிவு அதிகாரி மேடத்திடம் போய், மனுவில் உள்ள வீட்டில் தன் தங்கை இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தார். மேடம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“அளக்கறதுக்கு வேற ஆள் யாரு இருக்கா? உங்க தங்கச்சின்னு சக்கரம் ஒரு மீட்டரை முழுங்கிடுமா?”

“முழுங்காது மேடம்.”

“அப்ப போய் அளங்க. ஆட்சேபம் வந்தா, போட்டவங்கள்ல ஒருத்தரைக் கூட வெச்சுக்கிட்டு மறுபடி அளங்க. கையெழுத்தும் வாங்கிக்கங்க.”

எப்போதும் போல வரைபடம் ஒன்று தயார் செய்தார். தெருவைக் கோடாகப் போட்டு, நூறு மீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கு ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண் கொடுத்தார். நடுவில் டீச்சரின் வீடு. அனுமதி கேட்கும் இடத்தை, அதாவது மனைவிடத்தை, சிவப்பில் ஒரு பெருக்கல் குறியால் காட்டுவது வழக்கம். அதன்படி போட்டார். நாற்பத்தொரு கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுத்தார். இருபத்து மூன்று ஆட்சேபம் வந்தது.

அவற்றைக் கோப்பில் கோர்க்கும்போது ஒவ்வொன்றாகப் படித்தார். வண்டி நிறுத்த இடம் போதாதாம். அந்த ஆறு பெண்களிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆறு பேர் குளித்தால் சாக்கடை தாங்காதாம். அதை எழுதியவர் வீட்டில் எட்டுப் பேர் குளிக்கிறார்கள். மனைகளின் விலை இறங்கிவிடுமாம். இரைச்சலாம். ‘எங்களுக்கு அவர்கள்மேல் அனுதாபம் உண்டு, ஆனால்’ என்று பதினான்கு கடிதங்கள் தொடங்கின. அந்தப் பெண்களைப் பார்க்கவே எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒருத்தராவது நேராக எழுதியிருந்தால் சக்கரத்தாருக்கு மனசாவது ஆறியிருக்கும். எல்லாம் விதிமுறை மொழியில் இருந்தது. அந்த மொழியை அவரே இருபத்தாறு வருடம் பேசியவர்.

மறுபடி அளக்கும்போது கூட வந்தவர், ஆட்சேபம் போட்டவர்களில் ஒருவரான எதிர்வீட்டு மேனேஜர் சார், வங்கியில் ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத் தலைவர். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. வெயிலுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சக்கரத்தாரின் தங்கை விஷயம் தெரிந்தும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

“எனக்கும் பேத்தி இருக்கா சார். கதவு எந்நேரமும் திறந்து கிடக்கு. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?”

“என்ன ஆகும் சார்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் பயப்படறேன்?”

அந்த மாதிரிப் பயம் சக்கரத்தாருக்கு நன்றாகவே தெரியும்.

தெருக்கோடியில் மருந்துக்கடைக்காரர் வீடு. அங்கேதான் சோதனை வந்தது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று சக்கரம் சொல்லிக்கொண்டே போனது. நடையில் கையை லேசாக வலமும் இடமும் ஆட்டினால் போதும், பாதை வளைந்து ரெண்டு மூன்று மீட்டர் கூடிவிடும். பார்ப்பவருக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் ஆட்சேபம்தான் இருப்பதிலேயே நீளமானது, நாலு பக்கம். பாப்பாவின் வீங்கிய கை ஞாபகம் வந்தது. வந்தும், கோடு பிடித்தது போல நேராகத்தான் நடந்தார். தொண்ணூற்றொன்பதில் கதவு வந்தது. ‘உள்ளே’ என்று எழுதினார். எழுதிவிட்டு, நான் மனுஷனா மரமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

விசாரணை நாளில் அவருக்கு உள்ளே இடமில்லை. வராந்தாவில் நின்றார். கழிவறைக்கு நாலு தடவை போய்வந்தார். ஒரு மணி நேரம் கழித்து எல்லாரும் வெளியே வந்தார்கள். மேனேஜர் சார் முகத்தில் சிரிப்பு. டீச்சர் முகத்திலும் ஒரு மாதிரிச் சிரிப்பு.

“அனுமதி கிடைச்சாச்சு,” என்றார் டீச்சர். “ஒரு நிபந்தனையோட.”

“என்ன நிபந்தனை?”

“வெளிக்கதவு எந்நேரமும் பூட்டி இருக்கணும். மேனேஜர் சார்தான் சமாதானமா அதைச் சொன்னாரு. ஒத்துக்கலேன்னா மனு தள்ளுபடி ஆயிடும்னு தெரிஞ்சுபோச்சு. ஆறு பேர் தெருவுல நிப்பாங்களே தம்பி. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

எந்தப் பூட்டுக்குப் பயந்து சக்கரத்தார் ஓடி வந்தாரோ, அதே பூட்டு அரசாங்க முத்திரையோடு முன்னால் போய் நின்றுகொண்டது. அதை டீச்சர் மாட்டிவிட்டாரா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியது யார் வேலை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பத்து நாள் லீவு போட்டுத் தள்ளினார். இன்னொரு பத்து நாள் வேறு வேலை என்று சாக்குச் சொன்னார். “பாப்பாவைப் பாத்துட்டு வாங்களேன்” என்று மனைவி சொன்னபோதெல்லாம் நாளைக்கு என்றார். இருபத்திரண்டாவது நாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். போயே ஆக வேண்டியிருந்தது.

தெருமுனையிலிருந்து ‘டிக் டிக்’ என்று தள்ளிக்கொண்டு போனார். யாரும் எண்ணவில்லை. கதவு பூட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பிரம்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. பாப்பா வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடல,” என்றார் டீச்சர். “முதல் நாலு நாள் கதவைத் தட்டினா. அப்புறம் விட்டுட்டா. தட்டினதைவிட விட்டதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்கு.”

“அப்பீல் பண்ண முடியாதா டீச்சர்?”

“நான் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவ. எனக்கு உரிமை இல்லையாம். நூறு மீட்டருக்குள்ள நோட்டீஸ் கிடைக்காம விட்டுப்போன குடித்தனக்காரர் யாராவது இருந்தா முப்பது நாளுக்குள்ள போடலாமாம். அப்படி யாரு இருக்கா? நீங்கதான் ஒரு வீடு விடாம குடுத்திருக்கீங்களே.”

அந்தப் புகழ்ச்சி சக்கரத்தாரைச் செருப்பால் அடித்தது போல இருந்தது. ஆய்வுப் படிவத்தை எடுக்கக் கோப்பைத் திறந்து தரையில் வைத்தார். வரைபடம் நழுவிப் பாப்பாவின் காலருகே விழுந்தது. எண் என்றால் அவளுக்கு ஆசை. மெதுவாகத் திரும்பினாள். விரலை வைத்து, ஒன்று, ரெண்டு என்று தொடங்கி முப்பது வரை போனாள். அப்புறம் மறுபடி ஒன்று. விரல் நடுவில் வந்து சிவப்புக் குறியில் நின்றது.

“இது என்னண்ணா?”

“இந்த வீடு பாப்பா.”

“நம்பர் இல்லையே?”

“அது... இங்கேருந்துதான் அளப்போம். அதுக்கு நம்பர் போடறதில்ல.”

“எல்லார் வீட்டுக்கும் போட்டிருக்கே. எங்க வீட்டுக்கு ஏன் போடல?”

சக்கரத்தார் பதில் சொல்லப் போனார். இருபத்தாறு வருடமாகப் போடாததற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பட்டறைக்கும் கடைக்கும் அளந்த பழக்கம் அது. பட்டறையில் யார் குடியிருக்கிறார்கள்? ஆனால் இந்த வீட்டில் ஆறு பேர் படுத்து எழுந்து, துணி காயப்போட்டு, ரெண்டு மாதமாகக் குடியிருந்தார்கள். அவர் நாற்பத்தொரு கதவைத் தட்டினார், இந்தக் கதவைத் தட்டவில்லை. மேனேஜர் சார் விட்டார், மேடம் விட்டார் என்றால் போகட்டும். கூடப் பிறந்த அண்ணன், தன் கையால் போட்ட வரைபடத்தில், தங்கை இருக்கும் வீட்டை மனுஷர் இல்லாத இடமாகக் காட்டியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது, இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மேடத்தின் மேசையில் ஒரு தாள் வைத்தார். நோட்டீஸ் பெற வேண்டிய ஆறு குடியிருப்போரைத் தான் விட்டுவிட்டதாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து இட்டிருந்தார்.

“உங்க தப்புன்னு நீங்களே எழுதித் தர்றீங்களா? மெமோ வரும், தெரியும்ல? இருபத்தாறு வருஷத்துல ஒரு கறை இல்ல உங்க பேர்ல.”

“தெரியும் மேடம்.” தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் இழுப்பறையிலிருந்து மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். “விதிப்படி அளந்து எழுதணும். எதிர்த்தரப்பு ஆள் கையெழுத்தும் வேணும். தேறுமா தேறாதான்னு என்னால சொல்ல முடியாது.”

அன்று சாயங்காலம் மேனேஜர் சாரைக் கூட்டிக்கொண்டு கதவுக்கு வந்தார். டீச்சர் பூட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். பாப்பாவை அண்ணி கைபிடித்து அழைத்து வந்தாள். படிவத்தில் பாப்பாவின் இடதுகைப் பெருவிரல் ரேகை ஏற்கெனவே பதிந்திருந்தது. கீழே ஒரு கட்டம் மட்டும் காலி: மனைவிடத்திலிருந்து மேல்முறையீட்டாளர் குடியிருக்கும் தூரம்.

சக்கரத்தார் சக்கரத்தைக் கதவு நிலையில் வைத்தார். எண் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அப்படியே நின்றார்.

“நடங்க சார்,” என்றார் மேனேஜர் சார்.

“எங்க சார் நடக்கறது?”

“இதுல அளக்க என்ன இருக்கு? அவங்க இங்கதானே குடியிருக்காங்க?”

“அதைத்தான் சார் எழுதணும்.” கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி, படிவத்தை அவரிடம் நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க.”

மேனேஜர் சார் பேனாவைத் திறந்தார். பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ரெண்டு வாரமாக யாரையும் விசாரிக்காதவள், “சாப்டாச்சா?” என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார், யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேல்முறையீட்டுக்கு முடிவு வரும்வரை நிபந்தனை நிபந்தனைதான். அதைச் சக்கரத்தாரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. முடிவு ஒரு மாதத்தில் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம். வந்தாலும் பாப்பாவின் பக்கம் வரும் என்று என்ன நிச்சயம்? பாப்பா பூட்டைப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

சக்கரத்தார் சக்கரத்தைத் தூக்கிக் கதவுக்கு உள்பக்கம் வைத்தார். செருப்பைக் கழற்றினார். பிரம்பு நாற்காலியில் பாப்பாவை உட்கார வைத்து, பக்கத்தில் தரையில் தானும் உட்கார்ந்தார்.

“பூட்டுங்க டீச்சர்,” என்றார்.

பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பாப்பா திடுக்கிட்டாள். கதவைப் பார்த்தாள், அப்புறம் கீழே உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நீயும் உள்ளயா?”

“ஆமா பாப்பா. நானும் உள்ளதான்.”